ஓடிபி சொல்லவில்லை, ஆனாலும் பணம் போனது

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

“என் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது 71. என்னோடுதான் இருக்கிறார். போன வாரம் வியாழக்கிழமை காலை, அவரிடம் படித்த ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டார். ஏதேதோ கேட்டதாம், ‘சரி, சரி’ என்று அமுக்கியிருக்கிறார். பத்திரிகை திறக்கவே இல்லை. அதோடு மறந்துவிட்டார். சனிக்கிழமை காலை பால் பூத்தில் ஸ்கேன் செய்து பணம் போடும்போது, இருப்பு போதவில்லை என்று வந்தது. பார்த்தால் வெள்ளி இரவு 11.52-க்கு 98,000 ரூபாயும், 12.06-க்கு 86,000 ரூபாயும் யாருக்கோ போயிருக்கிறது. இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. திங்கள்கிழமை போனேன். ‘ஓடிபி கொடுக்காமல் பணம் போகாதும்மா, சார் யாரிடமாவது சொல்லியிருப்பார்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். இதற்கிடையில் அவருடைய வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது. அவர் எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள் என்று எல்லோருக்கும் அதே பத்திரிகை போயிருக்கிறது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் போனில் கத்துகிறான். இனி அப்பாவுக்குப் பட்டன் போன் போதும் என்கிறான். அப்பா சரியாகச் சாப்பிட்டு மூன்று நாளாகிறது. ஓடிபி சொல்லாமல் பணம் எப்படிப் போகும்? திரும்பக் கிடைக்குமா? போனை ரீசெட் செய்தால் போதுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் வந்த இரவே, உடனடியாகச் செய்ய வேண்டியவற்றை எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது, அதே பத்திரிகை போய்ச் சேர்ந்திருக்கும் மற்ற வீடுகளுக்காகவும்தான்.

உங்கள் அப்பா சொல்வது உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் 27 வருடம் வங்கியில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் மின்னணு மோசடிப் புகார்கள்தான் என் மேசைக்கு வரும். ‘ஓடிபி கொடுக்காமல் பணம் போகாது’ என்ற வாக்கியத்தை அந்தக் காலத்தில் நானும் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. போன் வரும், ‘கார்டு பிளாக் ஆகப்போகிறது’ என்பான், ஓடிபி கேட்பான், கொடுப்பார்கள். இப்போது திருடனுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் அப்பாவின் போனே ஒவ்வொரு ஓடிபியையும் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அவர் தொட்டது பத்திரிகையே இல்லை, ஒரு ஆப். வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஃபைலுக்கும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதன் அளவும் வகையும் இருக்கும். உண்மையான பத்திரிகை என்றால் படமாக வரும், அல்லது அங்கே பிடிஎஃப் என்று இருக்கும். அப்பாவுக்கு வந்ததில் அந்த இடத்தில் ஏபிகே என்று இருந்திருக்கும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பை நிறுவுவதற்கான மூட்டை. பிளே ஸ்டோர் வழியாக வராமல் கை மாற்றிக் கை வந்தது. தொட்டதும் போன் கேட்கத்தான் செய்தது: தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், அனுமதிக்கலாமா? அப்புறம் இன்னொரு கேள்வி: இந்த ஆப் உங்கள் மெசேஜ்களைப் படிக்கலாமா, அனுப்பலாமா? ‘ஏதேதோ கேட்டது’ என்று அவர் சொன்னாரே, அது இதுதான். பிள்ளை மாதிரி வளர்த்த மாணவன் பத்திரிகை அனுப்பியிருக்கிறான், திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது போன். ‘சரி’ என்று அமுக்காமல் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு நடந்ததை, நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களை வைத்தே கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம். யுபிஐ ஆப்பைப் புதிய போனில் பதிவு செய்யும்போது, அந்த எண்ணின் சிம்மிலிருந்து ஒரு மெசேஜ் போக வேண்டும். எண் உங்களுடையதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. திருடன் எங்கோ உட்கார்ந்து தன் போனில் பதிவைத் தொடங்கியிருப்பான்; அந்தச் சாட்சி மெசேஜ் உங்கள் வீட்டிலிருந்த போனிலிருந்து, அப்பாவுக்குத் தெரியாமல் போயிருக்கும். அடுத்து யுபிஐ பின். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் இருந்தால் பின்னை மாற்றலாம். இல்லையென்றால் ஆதாரின் முதல் ஆறு எண் போதும். இரண்டுக்கும் ஓடிபி வரும், அதையும் அந்த ஆப்பே தள்ளிவிடும். ஆதார் எண் எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பென்ஷன் ஆர்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போனிலேயே வைத்திருப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள பழக்கம். சில போலி ஆப்கள் ‘பத்திரிகையைப் பார்க்க விவரங்களை உறுதி செய்யுங்கள்’ என்று ஒரு படிவத்தையே நீட்டும்.

வியாழன் காலை உள்ளே வந்தவன் ஏன் வெள்ளி இரவு வரை காத்திருந்தான்? ஆண்ட்ராய்டு போனில் யுபிஐ-யைப் புதிதாகப் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அந்தக் கெடு முடியட்டும் என்று இருந்திருக்கிறான். 11.52, 12.06 என்ற இரண்டு நேரத்தையும் பாருங்கள். யுபிஐ-யில் வழக்கமான நாள் வரம்பு ஒரு லட்சம். சில வங்கிகளில் தேதி மாறினால் வரம்பும் புதிதாகத் தொடங்கும். நள்ளிரவுக்கு எட்டு நிமிடம் முன்னால் ஒன்று, ஆறு நிமிடம் கழித்து ஒன்று என்று இரண்டு நாள் வரம்பையும் கால் மணி நேரத்துக்குள் கறந்துவிட்டான். விடிந்தால் இரண்டாவது சனி, அடுத்து ஞாயிறு. வங்கி விடுமுறைப் பட்டியல் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அப்பா கணக்கு வாத்தியார். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிப் பாருங்கள், எரிச்சலோடாவது ஒப்புக்கொள்வார்.

பணம் போனதும் வங்கி அனுப்பிய மெசேஜ் ஏன் அவர் கண்ணில் படவில்லை என்று அண்ணன் கேட்பார். இந்த வகை ஆப்களில் சில, போனின் மெசேஜ் ஆப்பாகத் தம்மையே மாற்றிக்கொள்ளும். வங்கி அனுப்புவது வந்து சேரும், திரையில் காட்டாது.

சரி, பணம் திரும்புமா? இதில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் கடிகாரம் பணத்தினுடையது. அது நிமிடக் கணக்கில் ஓடும். உங்கள் அப்பா கணக்கிலிருந்து போன 98,000 நேராகத் திருடன் கைக்குப் போகாது. கமிஷனுக்குக் கணக்கை வாடகை விட்ட ஏதோ ஒரு கல்லூரிப் பையனின் கணக்குக்கு முதலில் போகும். அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரியும். அப்புறம் எங்காவது ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே வரும். அந்த ஓட்டத்தை நடுவழியில் மறிக்கத்தான் 1930 என்ற எண். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் ஏற்பாடு. இரவு, பகல், ஞாயிறு, பொங்கல் எல்லா நாளும் எடுப்பார்கள். யார் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனையின் யுடிஆர் எண் என்ன என்று கேட்பார்கள். யுடிஆர் என்பது யுபிஐ வரலாற்றிலும் வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கும் 12 இலக்க எண். அதைச் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கும். அங்கே மிச்சம் இருப்பதைப் பிடித்து வைப்பார்கள். வங்கிக்காரர்கள் இதை ‘லியன் போடுவது’ என்பார்கள்.

நீங்கள் சனி காலை ஏழு மணிக்கே 1930-ஐ அழைத்திருக்கலாம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த எண்ணை வங்கிக் கிளையின் சுவரில் ஒட்டுகிறார்கள், கிளை மூடியிருக்கும்போதுதான் திருட்டு நடக்கிறது. நான் எழுதிய பிறகு அழைத்துவிட்டீர்கள், புகார் எண்ணும் கிடைத்துவிட்டது. நல்லது. போனில் சொன்னதோடு நிறுத்தாமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். அந்த அச்சுப் பிரதியோடு மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஏதாவது ஒரு தொகை பிடிபட்டிருந்தால் அது தானாக வந்து விழாது. பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வழியாகத்தான் திரும்பும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 457-ஆம் பிரிவு என்றிருந்தது, புதிய சட்டத்தில் 503. மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கடிகாரம் உங்கள் உரிமையினுடையது. அது மெதுவாக, வங்கி வேலை நாள் கணக்கில் ஓடும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் எவ்வளவு நஷ்டத்தைச் சுமப்பது என்பது அதன் விஷயம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளர் ஒரு ரூபாயும் சுமக்க வேண்டியதில்லை. நான்கிலிருந்து ஏழு நாள் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பெரும்பாலும் 10,000 ரூபாய் வரைதான் அவர் பொறுப்பு. அதற்கு மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. இந்த வேலை நாள் கணக்கு உங்கள் கிளையின் நாள்காட்டிப்படிதான். பணம் போனதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை. ஆகவே நீங்கள் கிளைக்குப் போன திங்கள்தான் முதல் நாள். நேரம் தவறிவிட்டது என்று யாராவது சொன்னால் காலண்டரைக் காட்டுங்கள்.

உங்களுக்கு எதிராக என்ன சொல்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே சுற்றறிக்கையில், ரகசிய விவரங்களைப் பகிர்வது போன்ற வாடிக்கையாளர் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையதே என்று இருக்கிறது. வங்கி இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ‘சார் ஆப்பை நிறுவினார், அது கவனக்குறைவு’ என்று எழுதும். அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்படிப்பட்ட பதில்களை நானே தயாரித்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. ‘சொல்லியிருப்பார்’ என்பது நிரூபணம் ஆகாது. ஏமாந்து ஒரு ஃபைலைத் தொட்டதும், கேட்டவனிடம் ஓடிபியைப் படித்துக் காட்டியதும் ஒன்றுதானா என்பதில் என் கருத்து, இல்லை. எல்லா அதிகாரிகளும் அதை ஏற்பார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வாதாட இடம் இருக்கிறது, விடாதீர்கள்.

நீங்கள் திங்கள்கிழமை வாயால் சொல்லிவிட்டு வந்ததற்குக் கிளையில் எந்தத் தடயமும் இருக்காது. எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி எடுத்து. ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே கடிதத்தை வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். திங்களன்று கிளைக்கு வந்து சொன்னதையும், யாரிடம் சொன்னீர்கள், ஏறக்குறைய எத்தனை மணி என்பதையும் அதில் எழுதுங்கள். கிளையில் கேமரா இருக்கும்.

கடிதத்தில் வெறுமனே ‘பணம் போய்விட்டது, மீட்டுத் தாருங்கள்’ என்று எழுதினால் வெறும் பதில்தான் வரும். சில விவரங்களைக் கேளுங்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு இந்தக் கணக்கின் யுபிஐ எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வகைப் போனில் புதிதாகப் பதிவானது? யுபிஐ பின் எப்போது மாற்றப்பட்டது, கார்டு வைத்தா, ஆதார் வைத்தா? இரண்டு பரிவர்த்தனைகளும் எந்தப் போனிலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) நடந்தன? புதிய போன், பின் மாற்றம், நள்ளிரவை ஒட்டி இரண்டு பெரிய தொகை, அதுவும் 71 வயதுக்காரரின் பென்ஷன் கணக்கில். இதைப் பார்த்து வங்கியின் கண்காணிப்பு அமைப்பு ஏதாவது எச்சரிக்கை எழுப்பியதா? இந்தக் கேள்விகளுக்கான பதில் எல்லாம் வங்கியிடம் பதிவாக இருக்கும். உங்கள் அப்பாவின் போனுக்கும் பணம் அனுப்பிய போனுக்கும் சம்பந்தம் இல்லை என்பது அந்தப் பதிவிலிருந்தே தெரிந்துவிடும். என் அனுபவத்தில், இப்படிக் கேட்டு வரும் கடிதம் கிளையில் தங்காது, மேலே போகும்.

புகார் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சுற்றறிக்கையில் உள்ளதுதான். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள், கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ரீசெட் செய்யத்தான் வேண்டும், ஆனால் அவசரப்பட வேண்டாம். போனை ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு அந்த ஆப்பால் எதையும் வெளியே அனுப்ப முடியாது. உங்கள் போனால் அந்தத் திரையைப் போட்டோ எடுங்கள்: மாணவர் எண்ணிலிருந்து வந்த செய்தி (வாட்ஸ்அப் திறந்தால்), ஃபைலின் பெயர், நேரம், நிறுவப்பட்ட ஆப்களின் பட்டியல். பெயரே இல்லாத ஐகானோ, பார்த்தே இராத பெயரோ அதில் இருக்கும். இதையெல்லாம் அழித்துவிட்டால் போலீஸிடம் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. சைபர் குற்றக் காவல் நிலையத்தில் போனைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் ரீசெட் செய்யுங்கள். பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே திரும்ப இறக்காமல், படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திருடன் கையில் இருக்கும் சாவி, போனை ரீசெட் செய்வதால் செல்லாததாகிவிடாது. அவன் போனில் பதிவான யுபிஐ-யை வங்கியிடம் சொல்லி நீக்க வேண்டும். டெபிட் கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள். நெட் பேங்கிங், ஜிமெயில் இரண்டின் கடவுச்சொல்லையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் அதை நீக்க, ##002# என்று அழுத்தி அழையுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். அவர் வாங்காத எண் தென்பட்டால் அங்கேயே புகார் செய்யலாம்.

வாட்ஸ்அப் வெளியேறியதற்கும் அதே வழிதான். சரிபார்ப்பு எண் மெசேஜில் வந்திருக்கும், அவன் தன் போனில் போட்டுத் திறந்துவிட்டான். சுத்தம் செய்த போனில் அப்பா எண்ணை மறுபடி பதிவு செய்தால் அவன் தானாக வெளியே போய்விடுவான். இருபடிச் சரிபார்ப்பு என்று சொல்லி உங்களுக்குத் தெரியாத ஒரு பின்னைக் கேட்டால், அதை அவன் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஏழு நாள் பொறுத்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். போனதும் முதல் வேலை, நீங்கள் ஒரு பின் வையுங்கள்.

இதற்கிடையில் ஒரு போன் வரும், தயாராக இருங்கள். ‘சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, விடுவிக்க 4,500 ரூபாய் கட்ட வேண்டும்’ என்பான். ஏமாந்தவர்களின் பட்டியல் ஒரு கூட்டத்திடமிருந்து இன்னொரு கூட்டத்துக்கு விற்கப்படுகிறது. பணத்தை மீட்டுத் தருவதற்குப் போலீஸோ ரிசர்வ் வங்கியோ கட்டணம் வாங்குவதில்லை. புகார் கொடுத்த பிறகு ஏமாந்த இரண்டாவது தொகை முதல் தொகையைவிடப் பெரிதாக இருந்த வழக்குகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

இனி வராமல் இருக்க என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மூன்று காரியத்தைச் சொல்கிறேன். புதிய போனோ பழைய போனோ, அமைப்புகளுக்குள் போய் ‘தெரியாத ஆப்களை நிறுவுதல்’ என்ற இடத்தைத் தேடுங்கள். அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அப்பா தொட்ட அன்று வாட்ஸ்அப்புக்கு நேரே அது இயக்கத்துக்கு வந்திருக்கும், இன்றும் அப்படியேதான் இருக்கும். அடுத்தது, எனக்கு ரொம்ப நம்பிக்கையான வழி: பென்ஷன் வரும் கணக்கில் யுபிஐ-யே வேண்டாம். தனியாக ஒரு சிறு கணக்கு தொடங்கி, மாதம் ஏழெட்டாயிரம் அதில் போட்டு, பால், காய்கறி, மருந்து எல்லாம் அதிலிருந்து. நான் என் கணக்கை அப்படித்தான் வைத்திருக்கிறேன். யார் எந்த ஆப்பை அனுப்பினாலும் அந்த ஏழாயிரத்தோடு போக வாய்ப்பு அதிகம். மூன்றாவது, பத்திரிகை என்று மட்டும் இல்லாமல் ‘டிராஃபிக் அபராதம்’, ‘கேஒய்சி புதுப்பிப்பு’, ‘கிசான் தவணை’ என்று எந்த வேஷத்தில் வந்தாலும், ஃபைல் பெயருக்குக் கீழே ஏபிகே என்று இருந்தால் தொடக் கூடாது. அரசாங்கம் யாருக்கும் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்புவதில்லை. அபராதம் உண்மையா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி விவரங்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டன் போன் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பேரனோடு வீடியோவில் பேசுவதும், சிலிண்டர் பதிவதும், மாணவர்கள் வாழ்த்து அனுப்புவதும் அந்த ஸ்மார்ட் போனில்தான். அதைப் பிடுங்கினால் அவருக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். 2024-இல் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இழந்தவர்கள் எல்லோரும் 71 வயதுக்காரர்களா? அண்ணன் ஐடி கம்பெனியில் இருந்தால், அவருடைய அலுவலகத்திலேயே விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இந்தத் தொழிலில் இருந்தவன். எனக்கே இரண்டு வருடம் முன்பு ‘உங்கள் பார்சலுக்கு முகவரி முழுமையாக இல்லை, 5 ரூபாய் கட்டுங்கள்’ என்று ஒரு மெசேஜ் வந்தது. உண்மையிலேயே ஒரு பார்சலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். கார்டு எண்ணில் 12 இலக்கம் அடித்த பிறகுதான் 5 ரூபாய் வாங்க எவன் இவ்வளவு சிரமப்படுவான் என்று தோன்றியது. என் மனைவி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா எண்ணிலிருந்து பத்திரிகை போனவர்களுக்கு இன்றே செய்தி போக வேண்டும், அதில் தாமதம் வேண்டாம். அவர்களில் யாராவது இன்றிரவு அதைத் தொடக்கூடும். வாட்ஸ்அப் வரும் வரை காத்திருக்காமல், உங்கள் எண்ணிலிருந்து குடும்பக் குழுவிலும் அவருடைய பள்ளிக் குழுவிலும் போடுங்கள். வார்த்தைகள் அவருடையதாக இருக்கட்டும். நீங்கள் தட்டச்சு செய்தால் போதும். ‘என் எண்ணிலிருந்து வந்த பத்திரிகை நான் அனுப்பியது இல்லை. அது ஆப், தொடாதீர்கள். தொட்டிருந்தால் போனை உடனே ஃபிளைட் மோடில் போட்டு, வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து யுபிஐ-யை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930. எனக்கு 1,84,000 போயிற்று.’ கடைசி வரியைப் போட அவர் தயங்குவார். போடச் சொல்லுங்கள், அந்தத் தொகையைப் பார்த்தால்தான் மற்றவர்கள் கையை எடுப்பார்கள். அந்த முதல் மாணவருக்கும் நீங்கள் போன் செய்யுங்கள். அவர் கணக்கில் என்ன நடந்தது என்று அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் கணக்கு வைத்திருப்பவர் கையெழுத்துதான் வேண்டும், மகள் போட்டால் செல்லாது. எனவே காலையில் அவரை ஏதாவது சாப்பிட வைத்து, ஆதார், பாஸ்புக், 1930 புகார் எண், இரண்டு யுடிஆர் எண் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். 11.52, 12.06 கணக்கை மேலாளரிடம் அவரே விளக்கட்டும். நீங்கள் முத்திரை வாங்குவதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.